மேற்காகத் திரும்பிய மதியம்

வலை கிடக்கிறதாம். கடலுக்குள் போனவன் அதை இழுத்து வாங்காமல் கரைக்கு வரமாட்டானாம். இதையே ஏவுதலை நடத்துகிற தேவசகாயம் ஒலிபெருக்கியில் மூன்றாம் தடவையாகச் சொல்லிவிட்டார், அதுவும் பந்தியில் ரசம் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி, ஒரு பதற்றமும் இல்லாமல். "காவல் படகு பக்கத்துல போய்ப் பேசிட்டுத்தான் இருக்கு மேடம். கொஞ்சம் பொறுங்க." பொறுங்க. அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது இசக்கியம்மாளுக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறுகிறது. பொறுக்காமல் வேறென்ன செய்துகொண்டிருக்கிறாளாம் இவள்? சங்குமுனை ஏவுதளத்தின் சன்னலில்லாத இந்தச் சிமெண்டு அறைக்குள், எலும்புக்குள் இறங்குகிற ஏ.சி. குளிரில், யாரோ கொண்டுவந்த தயிர்சாதப் பொட்டலத்தின் புளித்த வாடையில், முதுகு கடுக்க உட்கார்ந்து பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறாள். வெளியே காய்கிற மணலில் ராக்கெட் தாங்கியின்மேல் சாய்ந்து நிற்கிறது. அதன் மூக்கில் இவள் கருவி. அதற்கு மேலே, நேர் மேலே, இத்தனை வருஷமாய் இவள் எதற்குத் தவம் கிடந்தாளோ அது இந்த நிமிஷம் நடந்துகொண்டிருக்கிறது. கடலில் ஒரே ஒரு வள்ளம் குறுக்கே நிற்கிறது. ராக்கெட்டின் கீழ்ப்பாகம் எரிந்து முடிந்து விழுகிற இடம் அது, அங்கே ஒரு மனுசத் தலை தெரிந்தாலும் பொத்தானை அழுத்தக் கூடாது என்பது சட்டம். சரியான சட்டம்தான். அதை எழுதின கூட்டத்தில் இவளும் இருந்து தலையாட்டியிருக்கிறாள். தலையாட்டினவளுக்குக் கோபம் வரக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இடது பக்கத் திரையில் காந்தமானியின் கோடு. தளத்தின் தென்கோடியில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லாமல் கட்டிய குடிலுக்குள் இருந்துகொண்டு அந்தக் கருவி இராப்பகலாய்ப் பூமியின் காந்தத்தை அளக்கிறது. சாதாரண நாளில் அதன் கோடு வெயிலோடு சேர்ந்து ஏறும், உச்சிப்பொழுதில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், சாயங்காலம் இறங்கிப் படுத்துக்கொள்ளும். ஏறுவதற்குக் காரணம் மேலே ஓடுகிற ஓட்டம். நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று காற்றாக இல்லை. வெயில் பட்டு அணுக்கள் உடைந்து, எலக்ட்ரான் தனி மிச்சம் தனி என்று மின்துகள் கூட்டமாய், பிளாஸ்மாவாய்க் கிடக்கிறது. அதற்குள்ளே பகல் முழுக்கக் கிழக்கே பார்த்து ஒரு மின்னோட்டம் ஓடுகிறது, ஆறு மாதிரி, இந்தக் கடற்கரைக்கு நேர் மேலே. சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, கீழே கருவாடு காயப்போடுகிறவளுக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் சில நாள் மத்தியானத்தில், என்ன கோபமோ யார் மேல் கோபமோ, அது நின்று, மேற்காகத் திரும்பி ஓடும். எதிரோட்டம். அன்றைக்குக் காந்தமானியின் கோடு ராத்திரி மட்டத்துக்கும் கீழே தொங்கும், இதோ இப்போது தொங்குவதுபோல. ஏன் திரும்புகிறது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், இசக்கியும் ஒன்று சொல்கிறாள், கட்டுரை கட்டுரையாய்ச் சொல்கிறாள், அவள் சொல்வது சரியா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருக்கிறது. அது திரும்பி ஓடுகிற நேரத்தில் அதற்குள்ளேயே ஒரு கருவியை அனுப்ப வேண்டும். முன்னால் விட்ட இரண்டு ராக்கெட்டும் தேதி குறித்து விட்டவை. குறித்த தேதியில் வானம் நல்ல பிள்ளையாய்க் கிழக்கே ஓடியது. எல்லாரும் கை கொடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள், இவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

"சாட்டிலைட்தான் இத்தனை சுத்துதே மேடம், இன்னும் எதுக்கு இந்த ராக்கெட்டு?" ராக்கெட்டுக்கு அனுமதி தருகிற கமிட்டியில் அந்த வழுக்கைத் தலையர் கேட்டாரே, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே. அவருக்கு விளக்கினாள். சாட்டிலைட் அந்த உயரத்துக்கு இறங்கினால் காற்று இழுத்து எரிந்துபோகும் சார், பலூன் அந்த உயரத்துக்கு ஏறாது சார், நடுவில் கிடக்கிற அந்த அடுக்குக்குள் நுழைந்து வர, ஏறி இறங்கிச் சில நிமிஷத்தில் கடலில் விழுந்துவிடுகிற இந்தச் சின்ன ராக்கெட்டை விட்டால் வேறு நாதி கிடையாது சார். கேட்டுக்கொண்டார். பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்துவிட்டது, அதைக் கரண்டியால் எடுப்பதில் பாதி கேட்கவில்லை. கடைசியில் கொடுத்தார்கள், பிச்சை போடுகிற மாதிரி. ஒரு ராக்கெட். ஒரு வாரம், தேதி குறிக்காமல், எதிரோட்டம் வந்தால் ஏவிக்கொள்ளலாம். அந்த வாரம் இன்று பொழுது சாய்ந்தால் முடிகிறது. காற்றாலோ கடலாலோ தடங்கல் என்றால் அடுத்த வருஷம் இன்னொரு வாரம் தருவார்கள், கருவியில் கோளாறு என்றால் திட்டத்துக்கே மூடுவிழா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இந்த வாரம் முழுக்க வானம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சட்டென்று திரும்பியது. திரும்பினது இவள் அதிர்ஷ்டம். அந்தச் சமயம் பார்த்து ரொசாரி என்கிற ஒருவன் வலை பாய்ச்சிக்கொண்டிருந்ததை என்ன சொல்ல. எதிரோட்டம் இரண்டு மணி நேரம் ஓடும், நல்லபடியாய் இருந்தால். அதில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைத் தேவசகாயத்தின் குரல் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுகொண்டிருக்கிறது.

ரொசாரி மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இந்த வாரம் முழுக்க உச்சிப்பொழுது ஆனால் கடலை மூடினார்கள், கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், கலங்கரை விளக்கில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள், ராக்கெட் போகாமல் சாயங்காலம் கொடியை இறக்கினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், சரி. தினம் தினம் என்றால் யார்தான் சும்மா இருப்பான். வாரம் தொடங்குமுன் கோயில் வளாகத்தில் அவர்களைக் கூட்டி வைத்து இவளே போய்ப் பேசினாள். பேச்சு முடிந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்திருக்காமலே கேட்டாள், "அது மேக்க போனா எங்களுக்கு என்ன, கெழக்க போனா எங்களுக்கு என்ன?" கூட்டம் சிரித்தது. இவளும் சிரித்தாள். பதில் ஒன்று சொன்னாள், செல்போன், கப்பல், வழிகாட்டும் கருவி என்றெல்லாம், அது பதில் இல்லை என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது இவளுக்கும் தெரிந்தது. உண்மையான பதில், எனக்குத் தெரிந்தாகணும் என்பதுதான். அதை எப்படிக் கோயில் வளாகத்தில் மைக் பிடித்துச் சொல்வது. சரி, அதெல்லாம் நியாயம், நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, ஒரு வலையை வாங்க இவ்வளவு நேரமா ஆகும்? கட்டையில போறவன், இத்தனை கடல் கிடக்கையில் அந்த இடத்தில்தானா போய்ப் பாய்ச்ச வேண்டும், அவன் வலை அறுந்துபோக, அவன் வள்ளம் மண்ணாய்ப் போக. முகம் தெரியாத ஒருவனை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. வெளியே அவள் முகம் அசையவில்லை.

"மேடம், டீ குடிக்கீயளா?" பக்கத்து நாற்காலியிலிருந்து மீரான் கேட்டார். ராக்கெட்டிலிருந்து வருகிற சிக்னலை வாங்கித் திரையில் போடுகிற பொறியாளர், மேலப்பாளையத்துக்காரர், எத்தனை நெருக்கடியிலும் டீ கேட்கிறவர். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். குடித்தால் இந்தக் குளிரில் எழுந்து போக வேண்டியிருக்கும், எழுந்து போன நேரம் பார்த்து வள்ளம் நகர்ந்துவிடும். மூட்டு வேறு. சட்டைப் பையில் செல்போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது, சுடலைமுத்துவாகத்தான் இருக்கும், ராத்திரிக்கு வருகிறாயா இல்லையா, தோசைமாவை வெளியே எடுத்து வைக்கவா. இசக்கிக்கு ஒரு சுடலையைப் பார்த்துக் கட்டிவைத்திருக்கிறார்களே, ஒரு வீட்டுக்குள் இரண்டு காவல் தெய்வம் எப்படித் தங்கும் என்று கல்யாணத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். தங்கியாச்சு. அந்த மனுசன் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவிட்டு வந்து, மாவு அரைத்து, இவள் வாசல் பூட்டிப் படி இறங்கிய பிறகு கேஸை மூடினோமா என்று திரும்ப ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். "ஒரு தடவை பாத்தா போதாதா இசக்கி?" போதாது. ஒரு தடவை பார்த்தது பார்த்ததாகவே தோன்றுவதில்லை அவளுக்கு. கை திருகியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்குத் திருகியதா நேற்றுத் திருகியதா. இன்றும் அப்படித்தான். காலையில் ஏணியில் ஏறிக் கருவியை ஒழுங்குபடுத்திவிட்டு இறங்கியாச்சு, சாப்பிட்டாச்சு, சாப்பிட்ட கை காயுமுன்னே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்ப ஏறினாள். அந்த வெயிலில், அந்த மூட்டு வலியோடு. அதனால் என்ன, நல்லதுதானே. பார்த்துவிட்டு வந்ததால் இப்போது கருவியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, கவலையெல்லாம் கடலைப் பற்றித்தான்.

"இந்தக் கோடு மட்டும் ஆடாம அசையாம நிக்குது பாத்தீங்களா," என்று மீரான் வலது பக்கத் திரையைக் காட்டினார், கைக்குட்டையால் அதன் தூசியைத் துடைத்தபடி. "இன்னைக்கு நம்ம பொழப்புல இது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு." ஆமாம், அழகாய்த்தான் இருக்கிறது. இவள் கருவியின் கோடு. திரையின் நடுவில், நூல் பிடித்த மாதிரி, இந்த வாரம் முழுக்க இப்படியே நின்ற கோடு. அதைப் பார்க்க மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. கருவி என்றால் பெரிய எந்திரம் ஒன்றும் இல்லை, ராக்கெட்டின் மூக்கில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு உலோகக் குமிழ், அதன் பின்னால் ஒரு டப்பா. மேலே போனதும் மூக்குறை பிளந்து விழும், குமிழ் வெளியே நீட்டிக்கொள்ளும், சுற்றியிருக்கிற எலக்ட்ரான்கள் வந்து அதில் ஒட்டும், எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு மின்சாரம், அந்த மின்சாரம்தான் கோடு. இவ்வளவுதான். வழுக்கைத் தலையருக்கே இது புரிந்தது. தேவசகாயம் மறுபடியும் ஒலிபெருக்கியில் வந்தார். "பாதி வலையை வாங்கிட்டானாம். மீதியையும் வாங்கிட்டு வாரேங்கான்." இடது திரையில் காந்தமானியின் கோடு இன்னும் ஒரு நூல் இறங்கியிருந்தது, இவள் பார்த்ததிலேயே இதுதான் ஆழம், இப்படி ஒரு எதிரோட்டம் இனி எந்த வருஷம் வரப்போகிறது. அழுகை வரும்போல இருந்தது. அழுகையை விழுங்கக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடினால் அவளுக்கு ராக்கெட் போகும். தூக்கம் வராத இரவுகளில் மற்றவர்கள் சாமி பெயர் சொல்வதுபோல அவள் அதை ஏவுவாள், ஒவ்வொன்றாய், அவசரப்படாமல். முதலில் அந்த உறுமல், மணல் எழும்பும், ஓர் இழுப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும். கீழ்ப்பாகம் கழன்று விழும், ரொசாரியின் தலையில் அல்ல, தண்ணீரில். இன்னும் ஏறும். கோடு அப்போது ஒன்றும் செய்யாது, காற்றுக்குள் எலக்ட்ரான் ஏது, அடியோடு அடியாய்ச் செத்ததுபோல் கிடக்கும். பிறகு மூக்குறை பிளக்கும். எழுபது கிலோமீட்டர் வாக்கில் கோடு லேசாய் ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். எண்பது, தொண்ணூறு. எழும்பத் தொடங்கும், அடியிலிருந்து, படுத்திருந்த இடத்திலிருந்து கையை ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி. அந்த இடம்தான் அவளுக்குப் பிடித்த இடம், அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். அடியிலிருந்து எழும்பும். அடியிலிருந்து. இந்த இடத்தில் மனசு எதிலோ சிக்கியது, சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டினதுபோல. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மறுபடி உறுமல், மணல், ஏறுகிறது, காற்றுக்குள் எலக்ட்ரான் ஏது, கோடு அடியில் கிடக்கும். காற்றுக்குள் கோடு அடியில் கிடக்கும். ராக்கெட் இப்போது காற்றுக்குள்தான் நிற்கிறது, மணலில், மூக்குறையை மாட்டிக்கொண்டு. அப்படியென்றால் கோடு எங்கே கிடக்க வேண்டும்? கண்ணைத் திறக்க அவளுக்குப் பயமாயிருந்தது. திறந்தாள். கோடு நடுவில் நின்றது, நூல் பிடித்த மாதிரி.

டம்மி. கடவுளே, டம்மி. தரையில் இருக்கும்போது கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் குமிழுக்கும் ராக்கெட் உடம்புக்கும் நடுவே ஒரு சின்ன மின்தடையைச் செருகி வைப்பார்கள். விரல் நுனியளவு செருகி. அதன் வழியாய்ப் போகிற மின்சாரம், எலக்ட்ரான் வந்து ஒட்டினதுபோல, திரையின் நடுவில் நேர்கோடாய் நிற்கும். நின்றால் கருவி நலம். ஏவுமுன் அதை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் கோடு அடியில் விழுந்து கிடக்கும், அதுதான் சரி. இந்த வாரம் முழுக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் டம்மி உள்ளேயே இருந்தது, நடுவில் நின்ற கோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அதுவே ஆரோக்கியம் ஆகிப்போனது. இன்று காலை எடுத்தாள். எடுத்தாள், சத்தியமாய் எடுத்தாள். பிறகு ஏன் மறுபடி ஏறினாள்? சந்தேகம். டம்மியைத் திரும்பச் செருகி, போனில் மீரானைக் கேட்டாள், கோடு வந்துவிட்டது மேடம் என்றார், ஒரே தங்கமாய் இருக்கு என்றார். அந்த நொடியில்தான் காந்தமானிக் குடிலிலிருந்து ஆள் கத்தினான், இறங்குது மேடம், ராத்திரி மட்டத்துக்குக் கீழே போயிட்டு என்று. மூக்குறையில் கை நுழைக்கிற சின்னச் சன்னலின் மூடியைத் திருகிப் பூட்டினாள், ஏணியில் இரண்டிரண்டு படியாய் இறங்கினாள், மூட்டு வலிகூடத் தெரியவில்லை. டம்மியின் வாலில் ஒரு சிவப்பு ரிப்பன் வெளியே தொங்க வேண்டும், தொங்கினால் யார் கண்ணிலாவது படும். கடல்காற்றில் அது என்றைக்கோ பிய்ந்துபோனது, வேறொன்று கட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், நினைத்ததோடு சரி. இல்லை, எடுத்திருப்பேன். எடுத்துவிட்டுத்தான் மூடியிருப்பேன். எடுத்திருந்தால் இந்தக் கோடு யார் வீட்டுக் கோடு? கேஸை மூடினோமா என்று பார்க்கப் போய், திறந்துவிட்டு வந்த பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

உடனே மனசு கணக்குப் போடத் தொடங்கியது, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இப்போதே சொன்னால் தாங்கியை இறக்க வேண்டும், வெடிமருந்து இணைப்பைக் கழற்ற வேண்டும், ஏணி, சன்னல், டம்மி, மறுபடி எல்லாவற்றையும் பூட்ட வேண்டும், எண்ணிக்கை முதலிலிருந்து. அதற்குள் எதிரோட்டம் ஓடி முடிந்து, பொழுதும் சாய்ந்துவிடும். சொல்லாவிட்டால்? ராக்கெட் போகும். நல்ல சத்தத்தோடு போகும், கைதட்டுவார்கள். மேலே மூக்குறை பிளக்கும், குமிழ் நீட்டும், எலக்ட்ரான்கள் வந்து ஒட்டும், ஆனால் டம்மியின் மின்சாரத்துக்கு அடியில் எல்லாம் அமுங்கிப்போகும், நூல் பிடித்த கோடு நூல் பிடித்தபடியே போய்க் கடலில் விழும். கருவி மேலே பழுதாகிவிட்டது போல என்பார்கள். டம்மி கடலுக்கடியில் கிடக்கும், எந்தக் கமிட்டியும் முங்கி எடுக்காது. தான் இப்படி யோசிக்கிறோம் என்பதே அவளுக்கு அருவருப்பாயிருந்தது, ஆனாலும் யோசித்தாள். இவ்வளவு நேரமும் யாரைத் திட்டினாள். அவன் மட்டும் அங்கே வலை பாய்ச்சாமல் இருந்திருந்தால் இந்நேரம் ராக்கெட் போயிருக்கும், டம்மியோடு. அந்த எண்ணம் வந்ததும் ரொசாரி மேல் இன்னும் கோபம் வந்தது, எதற்கென்றே தெரியாமல்.

"எல்லாருக்கும். வள்ளம் கிளம்பிட்டு." லூப்பில் தேவசகாயம். லூப் என்பது எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற, ஒரு சொல் விடாமல் பதிவாகிற குரல்வழி. "எல்லையைத் தாண்டப் பத்து நிமிசம் ஆகும். அதுக்குள்ள நிலையைச் சொல்லிடுங்க. லாஞ்சர்?" தயார் என்றது ஒரு குரல். "ரேடார்?" தயார். "டெலிமெட்ரி?" மீரான் பொத்தானை அழுத்தி, தயார் என்று சொல்லிவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மனுசன், சந்தோஷத்தில் கண் மின்னியது. "பேலோடு?" அது இவள்தான். விரல் பொத்தானின்மேல் இருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேலோடு, ஒரு நிமிஷம்," என்றது அவள் குரல். சிறிது நேரத்தில் மேசை மேலிருந்த டெலிபோன் அடித்தது, அது லூப் இல்லை, பதிவில்லை. "என்ன மேடம்?" சொன்னாள். இரண்டே வாக்கியம். "லூப்ல இதைச் சொல்லிராதீங்க," என்றார் தேவசகாயம் மெதுவாய். "நான் சொல்லுததைக் கேளுங்க. வள்ளம் எல்லையைத் தாண்டிட்டுன்னு நான் இன்னும் சொல்லல. தாண்டல, நேரம் போயிட்டுன்னு ரத்து பண்ணிருதேன். கடல் தடங்கல். உங்களுக்கு அடுத்த வருசம் ஒரு வாரம் கிடைக்கும். யாருக்கு என்ன நட்டம்?" அவர் உண்மையாகவே நல்லதுக்குத்தான் சொன்னார், இத்தனை நாளில் அவரிடமிருந்து வந்த முதல் பதற்றமான பேச்சு அதுதான். "அவனுக்கு?" என்று கேட்டாள். "யாருக்கு?" "அந்த ரொசாரிக்கு." "ராக்கெட் போயிருந்தா எச்சரிச்சு விட்டிருப்பாங்க. ராக்கெட் நின்னதே அவனாலன்னு வந்தா, வள்ளத்தை ஆறு மாசத்துக்குப் பிடிச்சுப் போட்டிருவாங்க. கடலுக்குப் போற டோக்கனும் போயிரும். ஆனா மேடம், அவன் தடையை மீறித்தானே போனான். நம்மளா ஒண்ணும் இட்டுக்கட்டலையே."

ரிசீவரைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வள்ளம் மண்ணாய்ப் போக என்று கேட்டாள், தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். எடுத்துக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும், இந்தச் சும்மா இருப்பதைத்தான் இவ்வளவு நேரமும் செய்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷம் ஒரு வாரம். புதுக் கருவி செய்யலாம், ரிப்பனை இரட்டையாய்க் கட்டலாம், இதைவிட ஆழமான எதிரோட்டம் வரலாம். சொன்னால் அடுத்த வருஷம் என்று ஒன்றே கிடையாது, வழுக்கைத் தலையர் பிஸ்கட்டை முக்கிக்கொண்டு, செருகியை எடுக்க மறந்துட்டாங்களாம் என்பார், சிரிப்பார்கள், முன்னால் விட்ட இரண்டு ராக்கெட்டின் கிழக்கு ஓட்டத்தை வைத்துக்கொண்டு ஓய்வு பெறுவாள், மேற்கே ஓடும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே செத்துப்போவாள். தெரிந்தாகணும் என்றுதானே எல்லாம். தெரிந்துகொள்ள ஒரு வள்ளம்தானே விலை, அதுவும் ஆறு மாசத்துக்கு. அவன் வேறு வள்ளத்தில் கூலிக்குப் போவான். போவானா? அந்த நாற்காலிக்காரி அவன் பெண்டாட்டியாகக்கூட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஊரில் எத்தனை பெண்கள். அடுத்த வருஷம் அதே கோயில் வளாகத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தாள். அது ஒரு மாதிரி இருந்தது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம், மனுசர்கள் எதையெல்லாமோ தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க முடியாதது வேறொன்று. மத்தியானத்திலிருந்து அவனைத் திட்டினதெல்லாம் அவன் செய்ததற்காக. இது அவன் செய்ததில்லை. இந்தக் கோட்டை நடுவில் நிறுத்தினது அவள், வெயிலில் ஏறி, தன் கையால். எவனோ ஒருவன், முகம்கூடத் தெரியாத ஒருவன், அவள் வாழ்நாளின் ஒரே எதிரோட்டத்தைக் கெடுத்தவன் என்று காலத்துக்கும் பேர் வாங்கிக்கொண்டு போகவா? போயும் போயும் அவனா? அவளுக்கு அசிங்கமான ஒரு ஆத்திரம் வந்தது, நல்ல எண்ணம் என்று அதற்குப் பேர் வைக்க முடியாது. "வேண்டாம் சார்," என்று டெலிபோனில் சொல்லி வைத்துவிட்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல் லூப்பின் பொத்தானை அழுத்தினாள்.

"பேலோடு தயார் இல்லை," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள், அதுவும் பதிவாகியிருக்கும். "சோதனைச் செருகி உள்ளேயே இருக்கு. எடுக்காம மூடினது நான்தான், இசக்கியம்மாள். வள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." லூப்பில் யாரோ இருமினார்கள். பக்கத்தில் மீரான் வலது திரையைப் பார்த்தார், நடுவில் நின்ற கோட்டைப் பார்த்தார், அவர் முகம் மாறுவதை இவள் பார்க்க விரும்பவில்லை. அவரும்தானே மத்தியானத்திலிருந்து அதைத் தங்கம், ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். "புரிந்தது," என்றார் தேவசகாயம் கடைசியில், பழைய குரலில். "வள்ளம் எல்லையைத் தாண்டிட்டு, பதிவு பண்ணிக்கிடுங்க. பேலோடு காரணமா இன்றைய ஏவுதல் ரத்து. கொடியை இறக்கலாம், கடலைத் திறந்துவிடுங்க." எல்லா அறையிலும் நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. மீரான் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார், பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். அவளுக்கு இப்போது அழுகை வந்தது, நன்றாகவே வந்தது, யாரும் இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை. இடது திரையில் காந்தமானியின் கோடு இன்னும் ஆழத்திலேயே கிடந்தது, ரத்தானது அதற்குத் தெரியாது, மேலே அது மேற்கே பார்த்து ஓடிக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. "மேடம், காவல் படகுல இருந்து கேக்காங்க," என்றார் தேவசகாயம். "அந்த ரொசாரி, ராக்கெட்டு இல்லேன்னா வலையைத் திரும்ப அங்கேயே போட்டுக்கிடட்டுமான்னு கேக்கானாம். என்ன சொல்ல?" இசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"போடச் சொல்லுங்க. அங்க இனி ஒண்ணும் விழாது."